கிரேன் அக்கா

பகல் காப்பகத்தில் எல்லோரும் அவளைக் கிரேன் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பெயர் வைத்தது வேன் டிரைவர். அவள் வேலைக்குச் சேர்ந்த அன்று காலை, நடக்க முடியாத ஒரு பையனைச் சக்கர நாற்காலியோடு வாசல்படி ஏற்ற வேண்டியிருந்தது. இரண்டு பேர் பிடிக்கிற வேலை. இன்னொரு ஆள் வருவதற்குள் அவள் குனிந்தாள், பையனையும் நாற்காலியையும் சேர்த்து அலாக்காகத் தூக்கி மேலே வைத்துவிட்டாள். டிரைவர் வாயைப் பிளந்தார். "அம்மாடி! இது அக்கா இல்ல, கிரேன்!" பையன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். பெயர் அன்றைக்கே ஒட்டிக்கொண்டது.

அவளுக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான். காப்பகத்துக்கு வருவதற்கு முன் பல வருஷம் ஒரு சலவை நிலையத்தில் இருந்தவள். ஆஸ்பத்திரிகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் வரும் படுக்கை விரிப்புகளை ஈரத்தோடு அள்ளி ஒரு இயந்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுகிற வேலை. ஈரத்துணியின் கனம் தூக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். சலவை நிலையம் ஊருக்கு வெளியே இடம் மாறியபோது அவளால் அத்தனை தூரம் போய்வர முடியவில்லை. "துணி தூக்கின கை பிள்ளை தூக்காதா?" என்று கேட்டுக்கொண்டே காப்பகத்துக்குள் நுழைந்தாள்.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். அதிகம் பேசாத மனிதர். பேசினால் அதில் ஒரு ஊசி இருக்கும். மனைவிக்குக் கிடைத்த பட்டப்பெயரைக் கேள்விப்பட்டதும், "வீட்ல லிஃப்டும் இருக்கு, கிரேனும் இருக்கு. ஏறுறதுக்கு ஒரு மாடிதான் இல்ல" என்றார். அவர்கள் இருந்தது ஒரு கட்டிடத்தின் தரைத்தளத்தில், பின்பக்கத்து வீடு.

காப்பகம் இரண்டு உயரமான கட்டிடங்களுக்கு நடுவே சிக்கிக்கொண்ட பழைய மாடி வீடு. கீழே கூடம், சமையலறை, துணி மாற்றுகிற மூலை; மேலே அலுவலக அறையும் மொட்டை மாடியும். காலையில் வேனில் வரும் பிள்ளைகள் சாயங்காலம் வரை கூடத்தில்தான் இருப்பார்கள். சிலர் உட்கார்வார்கள், சிலருக்குத் தலையே நிற்காது. பேச்சு வந்தவர்கள் குறைவு. பாதிப் பேர் வலிப்புக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள்.

அந்தக் கூடத்தைக் குளுகுளுவென்று வைத்திருந்தவள் கிரேன் அக்காதான். சன்னல்களுக்குக் கெட்டியான நீலத் திரை போட்டாள். வேன் கதவிலிருந்து வாசல் வரை உள்ள சின்னத் தூரத்துக்குக்கூடக் குடை பிடிப்பாள். ஒரு கையில் பிள்ளை, மறு கையில் குடை. "வெயில் பட்டா வாடிடும் பாவம்" என்பாள். பெற்றவர்கள் அதைப் பார்த்துவிட்டு நிம்மதியாக வேலைக்குப் போனார்கள். இதைவிட ஒருத்தி என்ன அக்கறை காட்ட முடியும்?

பிள்ளைகளில் அவளுக்கு அதிகம் பழக்கமானவள் சிட்டு. ஒன்பது வயது, பார்த்தால் ஐந்து வயது என்பார்கள். பிறக்கும்போதே மூளைக்குப் பிராணவாயு கிடைக்காமல் போனதில் கையும் காலும் முறுக்கிக்கொண்ட பிள்ளை. நின்றதில்லை, நடந்ததில்லை. பேச மாட்டாள், ஆனால் பிடித்தவர்களைக் கண்டால் தொண்டைக்குள் கிச்கிச் என்று ஒரு சத்தம் போடுவாள். அதனால்தான் சிட்டு. அவளுடைய அம்மா பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். ஊரில் பாதிப் பேருக்கு அந்த அம்மாளின் முகம் தெரியாது, குரல் தெரியும். எந்தப் பேருந்து எந்த மேடையில் நிற்கிறது என்று காலையிலிருந்து மாலை வரை ஒரே நிதானத்தில் சொல்லிக்கொண்டிருக்கும் குரல். அப்பா வெளிநாட்டில் கப்பல் பட்டறையில் இருந்தார். வருஷத்துக்கு ஒருமுறை வந்து போவார்.

சம்பவம் நடந்தது ஒரு மத்தியானம், சாப்பாட்டுக்குப் பிறகு.

சிட்டுவின் கால்சட்டை நனைந்திருந்தது. அக்கா அவளை மூலைக்குத் தூக்கிக்கொண்டு போய் மெத்தை விரித்த பலகையில் கிடத்தினாள். முறுக்கிக்கொண்ட கால்கள் இரண்டும் கத்தரிக்கோல் போல ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறுகிக் கிடக்கும். அவற்றை மெதுவாக விலக்கித்தான் துணி மாற்ற முடியும். தினமும் செய்கிற வேலை. கண்ணை மூடிக்கொண்டு செய்வாள். இடது காலைப் பிடித்து வெளிப்பக்கமாக விலக்கினாள். ஒரு சத்தம் கேட்டது. பெரிய சத்தம் இல்லை. பென்சில் ஒடிகிற மாதிரி.

ஒரு நொடி இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் சிட்டு அலறினாள். அது அவளுடைய வழக்கமான அழுகை இல்லை. சமையலறையிலிருந்து சமையல்காரி கரண்டியோடு ஓடி வந்தாள். தொடை கண்ணெதிரே வீங்கிக்கொண்டிருந்தது. அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிள்ளையைத் தூக்கலாமா கூடாதா என்று தெரியாமல் முதல்முறையாகக் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். கடைசியில் டிரைவரும் நிர்வாகியம்மாளும் மெத்தைப் பலகையோடு சேர்த்துத் தூக்கி வேனில் ஏற்றினார்கள்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். தொடை எலும்பு முறிந்திருந்தது. அவசரப் பிரிவில் இருந்த இளம் டாக்டர் படத்தை விளக்குக்கு முன்னால் பிடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"யாரு கையில இருந்துச்சு பிள்ளை?"

"என் கையிலதான் சார்."

"கீழ போட்டுட்டீங்களா?"

"இல்ல சார். துணிதான் மாத்தினேன்."

"துணி மாத்தினா தொடை எலும்பு ஒடியாது. உடம்பிலேயே பலமான எலும்பும்மா அது. நடந்ததை நடந்தபடி சொல்லுங்க."

"நடந்ததே அதுதான் சார்."

அவர் அவளுடைய கைகளைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். சலவை நிலையத்தில் திரண்ட தோள்கள், அகன்ற உள்ளங்கை, தடித்த மணிக்கட்டு. அதுவரை அவளுக்குப் பெருமை சேர்த்த உடம்பு அந்த இடத்தில் அவளுக்கு எதிராகச் சாட்சி சொன்னது.

சிட்டுவின் அம்மா வந்து சேர்ந்தபோது கழுத்தில் அலுவலக அடையாள அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. மைக்கை யாரிடமோ ஒப்படைத்துவிட்டு ஓடி வந்திருந்தாள். கட்டிலில் கிடந்த பிள்ளையைப் பார்த்தாள், டாக்டர் சொன்னதைக் கேட்டாள், பிறகு அக்கா பக்கம் திரும்பினாள்.

"என்ன பண்ணுனீங்க அக்கா?"

குரல் உயரவில்லை. பேருந்து அறிவிக்கிற அதே நிதானம். அதுதான் அக்காவைச் சுட்டது. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பாள்.

"ஒண்ணும் பண்ணல சிட்டு அம்மா. எப்பவும் போலத்தான்..."

"எப்பவும் போலன்னா ஏன் ஒடிஞ்சுது?"

அதற்குப் பதில் அந்த நேரத்தில் யாரிடமும் இல்லை. ஆனால் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் நின்றது அவள் மட்டும்தான்.

இந்த மாதிரி முறிவு வந்தால் ஆஸ்பத்திரிக்காரர்கள் குழந்தைகள் நல அலுவலகத்துக்குத் தகவல் கொடுத்தாக வேண்டும், கொடுத்தார்கள். மறுநாள் நிர்வாகியம்மாள் போனில் அழைத்தார். "தப்பா எடுத்துக்காதீங்க. விசாரணை முடியிற வரைக்கும் வீட்ல இருங்க. எனக்கு உங்க மேல சந்தேகம் இல்ல. ஆனா மத்த பெத்தவங்களும் கேக்குறாங்க." அக்கா சரி என்று போனை வைத்தாள். சந்தேகம் இல்லை என்று சொல்கிறவர்களின் குரல் எப்படி இருக்கும் என்பது அவளுக்கு அன்றைக்குத் தெரிந்தது.

வீட்டில் இருந்த நாட்களில் அவள் அதிகம் யோசித்தது தன் கைகளைப் பற்றித்தான். தேநீர்க் கோப்பையைக்கூட இரண்டு கையாலும் பிடித்தாள். கணவரின் சட்டையை மடிக்கும்போது கையில் எவ்வளவு அழுத்தம் போகிறது என்று பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரி வந்து, "அக்கா, பீரோவைக் கொஞ்சம் நகர்த்தணும், ஒரு கை குடுங்களேன்" என்றபோது, "கை வலிக்குது" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். ஒருவேளை தனக்கே தெரியாமல் இழுத்துவிட்டோமோ? அன்று காலையில் எதற்காவது கோபமாக இருந்தோமோ? இல்லை என்று நூறு தடவை முடிவு செய்தாள். முடிவு செய்த மறு நிமிஷம் அந்தப் பென்சில் சத்தம் காதில் விழுந்தது.

கடைக்குப் போக வேண்டுமென்றால் பேருந்து நிலையத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். சிட்டுவின் அம்மா வேலைக்குத் திரும்பிவிட்டது அந்தக் குரலால் தெரிந்தது. பிள்ளையை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? கேட்க வழியில்லை. ஒலிபெருக்கியின் கீழே ஒருநாள் கொஞ்ச நேரம் நின்றாள். தெற்கே போகிற பேருந்து தாமதமாக வரும் என்று அந்தக் குரல் வருத்தம் தெரிவித்தது. அக்கா சுற்றுவழியாக வீடு வந்து சேர்ந்தாள். அதிலிருந்து சாமான் வாங்குவது கணவரின் பொறுப்பாயிற்று.

அவர் சமாதானம் சொல்கிற ரகம் இல்லை. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "லிஃப்ட் கயிறு அறுந்தா, கடைசியா ஏறினவனைத்தான் எல்லாரும் பார்ப்பாங்க. கயிறு எப்ப நைஞ்சுதுன்னு நாங்கதான் போய்ப் பார்க்கணும்."

"பிள்ளை கயிறா?"

"நான் கயிறைச் சொன்னேன்" என்றார் அவர். அதோடு நிறுத்திக்கொண்டார்.

குழந்தைகள் நல அலுவலர் ஒரு நடுவயதுப் பெண். வீட்டுக்கே வந்தார். கேள்விகளை மரியாதையாகத்தான் கேட்டார். கோபம் வந்தால் என்ன செய்வீர்கள், பிள்ளைகள் அடம்பிடித்தால் என்ன செய்வீர்கள், அன்றைக்கு வேலை அதிகமா. கடைசியில் ஒரு தலையணையை எடுத்துக் கட்டிலில் வைத்தார். "எப்படித் துணி மாத்துவீங்கன்னு இதுல செஞ்சு காட்டுங்க."

அக்கா எழுந்து கட்டில் அருகே போனாள். கையை நீட்டினாள். எங்கே பிடிப்பது என்றே தெரியவில்லை.

"தலையணைக்குக் கால் இல்லம்மா" என்றாள்.

அலுவலர் தலையணையை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தார். அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

சில நாள் கழித்து ஒரு சாயங்காலம் கதவு தட்டப்பட்டது. திறந்தால் சிட்டுவின் அம்மா நின்றுகொண்டிருந்தாள்.

"உள்ள வரலாமா அக்கா?"

அக்கா ஒதுங்கி நின்றாள். கணவர் நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, "பல்பு வாங்கணும்" என்று யாரும் கேட்காத காரணத்தைச் சொல்லிவிட்டு வெளியே போனார்.

"பாப்பா எப்படி இருக்கா?" அக்காவுக்கு முதலில் வந்தது அதுதான்.

"மாவுக்கட்டு போட்டிருக்காங்க. இடுப்பு வரைக்கும். தூங்குறா, எங்கம்மா பக்கத்துல இருக்காங்க." அவள் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தாள். "எலும்பு டாக்டர் படத்தைப் பார்த்தார் அக்கா. பெரிய டாக்டர். எலும்பு முட்டை ஓடு மாதிரி இருக்குன்னார். மெல்லிசா. இது முரட்டுத்தனமா பிடிச்சு ஒடிஞ்ச எலும்பு இல்ல, ஒடியக் காத்திருந்த எலும்புன்னார்."

அக்கா கதவைச் சாத்திவிட்டு எதிரே வந்து நின்றாள்.

"அப்புறம் குழந்தை டாக்டரம்மா வந்து ரத்தம் எடுத்தாங்க. வைட்டமின் டி இல்லவே இல்லையாம். துளிகூட இல்லாத மாதிரிதான்னு சொன்னாங்க. அது இல்லேன்னா சாப்பிடுற கால்சியம் எலும்புக்குப் போய்ச் சேராதாம். வலிப்பு மருந்து வருஷக்கணக்கா குடுக்குறோம் இல்ல, அதுல சில மருந்து உடம்புல இருக்கிற வைட்டமினையும் சீக்கிரமா தீர்த்துடுமாம். அதுக்காக மருந்தை நிறுத்திடாதீங்கன்னு வேற பயமுறுத்தினாங்க. அப்புறம் இவ நின்னதே இல்ல. நிக்கிற பிள்ளைக்குத்தான் உடம்போட கனம் இறங்கி எலும்பு கெட்டியாகுமாம். அப்புறம் வெயில்..."

"வெயிலா?"

"வெயில் தோல்ல பட்டாத்தான் அந்த வைட்டமின் உடம்புல ஊறுமாம்."

அக்கா சுவரில் சாய்ந்துகொண்டாள். "நான்தானே குடை பிடிச்சேன்" என்றாள் மெதுவாக.

"நான் மட்டும் என்ன? வீட்ல சன்னல் கண்ணாடியைத் திறந்ததே இல்ல. வெளிச்சம்தான் வருதேன்னு நினைச்சேன். கண்ணாடி வழியா வர்றது வெளிச்சம்தான், வேலைக்கு ஆகாதுன்னு சொல்லிட்டாங்க."

சிட்டுவின் அம்மா சொல்ல வந்தது இன்னும் பாக்கி இருக்கிறது என்பது அவள் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

"இன்னொண்ணு சொல்லணும் அக்கா. இடுப்புக்குக் கீழ ரெண்டு காலையும் படம் எடுத்தாங்க. வலது கால்ல, முழங்காலுக்கு மேல, பழைய முறிவு ஒண்ணு இருக்கு. தானா கூடி முடிச்சு விழுந்த மாதிரி. எப்ப விழுந்தா, எப்ப அடிபட்டுச்சுன்னு கேட்டாங்க. விழவே இல்லன்னு சாதிச்சேன். அப்புறம்தான் ஞாபகம் வந்தது. போன மழைக்காலத்துல ஒரு வாரம் பூரா அழுதாளே, நீங்ககூட பல்லு வலியா இருக்கும்னு சொன்னீங்களே. அது வீட்ல குளிப்பாட்டி எடுத்த அன்னைக்குத்தான் ஆரம்பிச்சுது. அன்னைக்குக் காப்பகம் லீவு. நான்தான் குளிப்பாட்டினேன்." அந்த நிதானமான குரல் முதல்முறையாகத் தடுக்கியது. "என் கையிலயும் ஒடிஞ்சிருக்கு அக்கா. எனக்குத் தெரியவே இல்ல. ஒரு வாரம் வலியோட கிடந்திருக்கா, நான் வயித்து மருந்து குடுத்துக்கிட்டு இருந்திருக்கேன்."

அவள் அழுதாள். அக்கா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். தோளைத் தொட்டுச் சமாதானம் சொல்லவில்லை. தொடலாம் என்று தோன்றியது. ஆனால் அதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்று இருந்தது.

"அன்னைக்கு எல்லார் முன்னாடியும் கேட்டீங்களே" என்றாள்.

"கேட்டேன்."

"கோபம் இல்லன்னு சொன்னா பொய்."

"இருக்கட்டும் அக்கா. நான் சமாதானம் வாங்கிட்டுப் போக வரல. இது உங்களுக்குத் தெரியணும். அந்த ஆபீஸரம்மாகிட்டயும் சொல்லிட்டேன், என் கையில ஒடிஞ்சதையும் சேர்த்து."

அவள் போன பிறகு கணவர் வெறுங்கையோடு வந்தார். பல்பு எங்கே என்று அக்கா கேட்கவில்லை. "கயிறு ரொம்ப நாளாவே நைஞ்சிருக்கு" என்று மட்டும் சொன்னாள். அவர் தலையாட்டினார்.

விசாரணை முடிந்தது; யார் மீதும் குற்றம் இல்லை என்று தகவல் வந்தது. நிர்வாகியம்மாள் நேரில் வந்து கூப்பிட்டார். அக்கா உடனே போகவில்லை. போனபோதும் ஒரு நிபந்தனையோடு போனாள்: "கூட்டுறேன், துடைக்கிறேன், பாத்திரம் கழுவுறேன். பிள்ளைகளைத் தொட மாட்டேன்."

காப்பகம் அதற்குள் மாறியிருந்தது. சிட்டுவைப் பார்த்த அதே குழந்தை டாக்டரம்மா வந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் ரத்தம் எடுத்திருந்தார். விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரைத் தவிர எல்லோருக்குமே குறைவு. ஒவ்வொருவருக்கும் அளவு பார்த்துச் சொட்டு மருந்து, சிலருக்குச் சுண்ணாம்புச் சத்து மாத்திரை. நீலத் திரைகளைக் கழற்றிவிட்டார்கள். மொட்டை மாடிக்குச் சக்கர நாற்காலி ஏறுகிற மாதிரி சாய்தளம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். வெயில் மட்டும் போதாது, மருந்து மட்டும் போதாது, நிற்கவும் வைக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னதால் நிற்கிற பலகைகள் வந்திருந்தன. பிள்ளையைப் பலகையில் சாய்த்து, முழங்காலிலும் இடுப்பிலும் மார்பிலும் பட்டை கட்டி, மெல்ல மெல்லப் பலகையை நிமிர்த்துவார்கள். முன்னால் ஒரு சின்ன மேசை இருக்கும், அதில் பொம்மை. பிறந்ததிலிருந்து உலகத்தைப் படுத்தபடி பார்த்த பிள்ளைகள் முதல்முறை நிமிர்ந்தபோது சிலர் பயந்து கத்தினார்கள், ஒருவன் தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஊழியர்களுக்கும் ரத்தம் எடுத்தார்கள். கிரேன் அக்காவுக்கும் குறைவு. விடியற்காலையில் வேலைக்கு வந்து, சாயங்காலம் வரை திரை போட்ட கூடத்தில் இருந்தவள்தானே. "கிரேனுக்கும் துரு பிடிச்சிருச்சு" என்றாள் சமையல்காரி. அந்தச் சமையல்காரியைக் குச்சி என்று கூப்பிடுவார்கள். ஊதினால் பறந்துபோகிற உடம்பு. அக்கா பல நாள் கழித்து அன்றைக்குத்தான் சிரித்தாள்.

பிள்ளைகளைத் தூக்குகிற முறையையும் மாற்றியிருந்தார்கள். பிசியோதெரபி நிபுணர் ஒரு பெண் வாராவாரம் வந்து பழக்கினார். தனி ஆளாகத் தூக்கக் கூடாது. கணுக்காலைப் பிடித்துக் காலை உயர்த்தித் துணி மாற்றக் கூடாது; உடம்பை ஒரே கட்டையாக ஒரு பக்கம் புரட்டித்தான் மாற்ற வேண்டும். இறுகின காலை விலக்க வேண்டுமென்றால் முதலில் முழங்காலை மடக்கி, இறுக்கம் தளர்கிற வரை காத்திருக்க வேண்டும். அக்கா துடைப்பத்தோடு கூடத்தின் ஓரத்தில் நின்று இதையெல்லாம் கேட்டாள். காத்திருப்பது அவளுக்குப் பழக்கமில்லாத வேலை.

அவள் துடைப்பத்தைக் கீழே வைத்தது யாரும் சொல்லி அல்ல. ஒருநாள் ஆள் பற்றாக்குறை. புரட்டுவதற்குக் குச்சிக்குத் துணை வேண்டும். "அக்கா, நான் ஒருத்தியாப் புரட்டுனா பிள்ளை இல்ல, நான்தான் ஒடிவேன்" என்றாள் குச்சி. அக்கா கையைக் கழுவித் துடைத்துவிட்டு வந்தாள். கை நடுங்கியது. நடுக்கம் நிற்கிற வரைக்கும் நின்றாள். பிறகு இருவரும் அடியிலிருந்த விரிப்பைப் பிடித்துப் பிள்ளையைப் புரட்டினார்கள். ஒன்றும் ஆகவில்லை.

அதன்பிறகு குச்சியும் கிரேனும் ஜோடியானார்கள். ஒருத்தி மலை மாதிரி, இன்னொருத்தி நூல் மாதிரி. இரண்டு பேரும் ஒரே உயரத்துக்கு விரிப்பைத் தூக்குவதற்குள் வேன் டிரைவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். "கிரேனுக்கே கிளீனர் வெச்சுட்டாங்களா?" என்பார். அக்காவுக்கு ஆரம்பத்தில் அது குத்தியது. தனியாக ஒரே மூச்சில் முடிக்கிற வேலையை ஆமை வேகத்தில் செய்வதில் என்ன பெருமை? ஆனால் அவசரப்படவில்லை. அந்தச் சத்தத்தை இன்னொரு முறை கேட்க அவள் தயாராக இல்லை.

மாவுக்கட்டு பிரித்துச் சிட்டு திரும்பி வந்தபோது அவள் கால் அக்காவின் மணிக்கட்டைவிட மெலிந்திருந்தது. அம்மாவே கொண்டுவந்து விட்டாள். அக்காவைப் பார்த்ததும் சிட்டு கிச்கிச் என்றாள். அவளுக்கு யாரிடமும் தீர்க்க வேண்டிய கணக்கு இல்லை. எலும்பைக் கெட்டிப்படுத்த நரம்பு வழியாக ஒரு மருந்து ஏற்ற ஆரம்பித்திருந்தார்கள். அதற்காக அவ்வப்போது ஆஸ்பத்திரியில் ஒருநாள் தங்கி வருவாள். அடுத்த முறை எடுத்த படத்தில் எலும்பு முன்னைவிடத் தேறியிருந்தது. "தேறியிருக்கு, அவ்வளவுதான். கவனம் எப்பவும் வேணும்" என்று டாக்டரம்மா சொன்னதை அம்மா வந்து அப்படியே சொன்னாள். நிற்கிற பலகையில் சிட்டு முதலில் பத்து எண்ணுவதற்குள் அழுவாள். பிறகு பாட்டு ஒன்று முடிகிற வரை நின்றாள். பிறகு நின்றபடியே தூங்கிவிழப் பழகினாள்.

அக்காவுக்கும் சிட்டுவின் அம்மாவுக்கும் இடையில் பழைய கலகலப்பு திரும்பவில்லை. முன்பு வாசலில் நின்று ஊர்க்கதை பேசியவர்கள் இப்போது மருந்தையும் சாப்பாட்டையும் பற்றிப் பேசிக்கொண்டார்கள். மரியாதையாக, அளவாக. ஒருவர் கையில் நடந்ததை மற்றவர் நன்றாக அறிந்த இருவரின் பேச்சு அது.

மறுவருஷம் ஒரு முறிவு மறுபடியும் நடந்தது. ஏழு வயதுப் பையன், புதிதாகச் சேர்ந்தவன். யாரைப் பார்த்தாலும் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு உற்றுப் பார்ப்பதால் ஜட்ஜ் என்று பெயர். அவனுக்கு மருந்து தொடங்கி அதிக நாள் ஆகவில்லை. சட்டைக் கைக்குள் கையை நுழைக்கும்போது மேல்கை முறிந்தது. நுழைத்தது குச்சி, பிடித்துக்கொண்டிருந்தது அக்கா.

இந்த முறை கூடத்தில் யாரும் யார் கை என்று கேட்கவில்லை. அக்கா பையனின் கையை அசைக்காமல் அட்டை வைத்துக் கட்டினாள். போனை எடுத்து அவன் அப்பாவை அவளே அழைத்தாள். "எங்க கையில இருக்கும்போதுதான் ஒடிஞ்சுது" என்று முதல் வாக்கியத்திலேயே சொன்னாள்.

அப்பா ஆஸ்பத்திரிக்கு வந்து குச்சியைப் பார்த்துக் கத்தினார். கத்தாமல் என்ன செய்வார்? குச்சி அழுதுகொண்டே சுவரோரம் ஒடுங்கினாள். அக்கா அவளுக்கு முன்னால் போய் நின்றாள். பதில் பேசவில்லை, அவர் கத்தி முடிக்கும் வரை நின்றாள். தகவல் தெரிந்து, வேலை முடிந்த கையோடு சிட்டுவின் அம்மாவும் வந்தாள். அந்த அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தன் கதையைச் சொன்னாள், குளிப்பாட்டிய அன்றைக்கு நடந்ததையும் சேர்த்து. குரலைக் கேட்டதும் அவர் நிமிர்ந்து பார்த்தார்; எங்கேயோ கேட்ட குரல் என்று யோசித்திருப்பார். ஆனால் சமாதானம் ஆகவில்லை. பையனைக் காப்பகத்திலிருந்து நிறுத்திவிட்டார்.

மாதம் இரண்டு போயிற்று. ஒரு விடுமுறை நாளில் அக்காவும் குச்சியும் விலாசம் விசாரித்துக்கொண்டு பையனைப் பார்க்க அவர் வீட்டுக்குப் போனார்கள். அவர் உள்ளே கூப்பிடவில்லை. கதவருகிலேயே நிற்க வைத்துப் பேசினார். திரும்பிவிடலாம் என்று குச்சி அக்காவின் கையைச் சுரண்டினாள். அப்போது அவர் உள்ளே போய்ப் பையனைத் தூக்கிக்கொண்டு வந்தார். தூக்கிய விதத்தை அக்கா கவனித்தாள். ஒரு கை முதுகுக்கு, ஒரு கை தொடைகளுக்கு அடியில், எதையும் இழுக்காமல். ஜட்ஜ் குச்சியைக் கண்டதும் அந்த உம்மென்ற முகத்தை விட்டுவிட்டுச் சிரித்தான். அவன் அப்பா சிரிக்கவில்லை.

"மருந்து குடுக்குறீங்களா?" என்று அக்கா கேட்டாள்.

"குடுக்குறேன்."

"வெயில்ல?"

"பால்கனியில உக்கார வைக்கிறேன். தினமும்."

"தலைக்கு மட்டும் நிழல் இருக்கணும்."

"தெரியும்" என்றார் அவர். சற்று நின்று, "டாக்டரம்மா சொன்னாங்க" என்றார்.

அக்கா பையனின் கன்னத்தை ஒரு விரலால் தொட்டுவிட்டு இறங்கினாள். தெருவில் வெயில் நன்றாக ஏறியிருந்தது. அவர்கள் பேருந்துக்கு நடந்தார்கள்.